√8 + √18 = √26 என்று எழுதும் வகுப்புக்கு என்ன செயல்பாடு கொடுக்கலாம்?

ஜூலை 8, இரவு 9.10 – சுண்ணக்கட்டி

ஒன்பதாம் வகுப்பு, 42 பிள்ளைகள், 45 நிமிடப் பாடவேளை. மெய்யெண்கள் பாடத்தில் விகிதமுறா மூலங்களின் கூட்டலும் கழித்தலும். 2√3 + 5√3 கேட்டால் எல்லாரும் 7√3 என்கிறார்கள். √8 + √18 என்று போட்டதும் பாதி வகுப்பு √26 எழுதுகிறது. இன்னொரு பயிற்சித்தாள் வேண்டாம். கையால் செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். கால்குலேட்டர் இல்லை, ஸ்மார்ட் போர்டு இல்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கிற அளவு சத்தமும் கூடாது.

ஜூலை 8, இரவு 9.32 – மூன்றாம்பெஞ்சு

முதலில் √9 + √16 போடச் சொல்லுங்கள். 3 + 4 = 7. உள்ளே கூட்டினால் √25, அதாவது 5. எந்தச் செயல்பாட்டுக்கும் முன்னால் இந்த ஒரு வரி கரும்பலகையின் மூலையில் அந்தப் பாடவேளை முழுக்க அழியாமல் இருக்கட்டும்.

ஜூலை 8, இரவு 10.05 – புள்ளித்தாள்

மூன்றாம்பெஞ்சு சொன்னது √26 தப்பு என்று காட்டும். சரியான விடை ஏன் 5√2 என்று காட்டாது. அதற்கு 1 செ.மீ. கட்டம் போட்ட கிராப் தாள் போதும்.

ஒரு புள்ளியிலிருந்து வலப்பக்கம் 2, மேலே 2 போய்க் கோடு போடச் சொல்லுங்கள். பிதாகரஸ்படி அதன் நீளம் √8. அந்த முனையிலிருந்து அதே திசையில் வலப்பக்கம் 3, மேலே 3. இது √18. இரண்டும் ஒரே நேர்கோடாகப் போய் (5, 5) புள்ளியில் முடியும். மொத்த நீளம் √50. குறுக்கே எத்தனை சின்னக் கட்டங்களின் மூலைவிட்டம் வந்திருக்கிறது என்று எண்ணினால் 2 + 3 = 5. ஒவ்வொன்றும் √2. அளவுகோலை வைத்தால் 7.1 செ.மீ. காட்டும்.

இனிமேல்தான் ரசமான இடம். அதே √8 கோட்டை வைத்துக்கொண்டு, முனையில் செங்குத்தாகத் திருப்பி வலப்பக்கம் 3, கீழே 3 போகச் சொல்லுங்கள். இதுவும் √18தான். இப்போது தொடக்கப் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் சேர்த்தால் வலப்பக்கம் 5, கீழே 1. நீளம் √26! பிள்ளைகள் எழுதும் அந்தத் தப்பான விடை அதே தாளில் ஒரு கோடாக வந்து நிற்கும்: 5.1 செ.மீ. இரண்டு குச்சிகளை நீட்டி வைத்தால் √50, செங்கோணமாக மடக்கி வைத்தால் இரு முனைக்கும் நடுவே √26. மூலக்குறிக்குள் இருப்பதைக் கூட்டுகிறவர் தெரியாமலேயே கர்ணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்.

தொடக்கப் புள்ளிக்குக் கீழே ஒரு கட்டமாவது விட்டுத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கோடு தாளுக்கு வெளியே போய்விடும்.

ஜூலை 8, இரவு 10.20 – மூன்றாம்பெஞ்சு

அதைத் தெரியாமலேயே அரை வகுப்பு பிதாகரஸ் போட்டுக்கொண்டிருக்கிறது என்றால் மார்க் கொடுத்துவிடலாம் போல.

ஜூலை 9, காலை 6.15 – கெழு

புள்ளித்தாள் சொன்னதில் இரண்டு இடத்தில் வழுக்கும்.

முதலாவது, "ஒத்த மூலம் (சுருக்கினால் மூலக்குறிக்குள் ஒரே எண் வருபவை) என்றால் ஒரே திசை, ஒவ்வாத மூலம் என்றால் கோடு வளையும்" என்று பிள்ளைகள் தாங்களே ஒரு விதி செய்துகொள்வார்கள். அது உண்மையில்லை. √5ஐ வலப்பக்கம் 1, மேலே 2 என்றும் போடலாம். வலப்பக்கம் 2, மேலே 1 என்றும் போடலாம். நீளம் ஒன்று, திசை வேறு. √50கூட (5, 5) என்றும் (1, 7) என்றும் வரும். அதனால் "முதல் கோடு போன திசையிலேயே அடுத்ததைப் போட முடிகிறதா பார்" என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. √2 + √5 கோடு வளைந்ததும் "கூட்ட முடியாது" என்பார்கள். நாமும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். கூட்ட முடியாமல் என்ன? 1.414 + 2.236, கிட்டத்தட்ட 3.65. அது ஒரு திட்டமான எண். ஒரே மூல உறுப்பாகச் சுருக்கி எழுத முடியாது, அவ்வளவுதான். "முடியாது" என்று முடித்தால் விடை எழுதும் இடத்தை வெற்றாக விட்டுவிடுவார்கள். √2 + √5 என்பதே விடை என்று எழுத வைக்க வேண்டும்.

ஜூலை 9, காலை 6.40 – மூலைவிட்டம்

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். சதுரக் கட்டத்தில் √3 வராது. இரண்டு வர்க்க எண்களின் கூடுதலாக 3ஐ எழுத முடியாதே. √6, √7, √12 எதுவும் வராது. "புள்ளியிலிருந்து புள்ளிக்கு √12 போடு" என்று சொல்லிவிட்டுச் சுற்றி வந்தால், யாராவது (2, 3) போட்டு "இதோ" என்பார்கள். அது √13. சதுரக் கட்டத்துக்கு √2, √5, √10, √13 குடும்பங்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம். √5க்கு (1, 2), √20க்கு (2, 4), √45க்கு (3, 6). √5 + √20 = √45 ஒரே கோட்டில் வந்துவிடும்.

√3 கட்டாயம் வேண்டுமென்றால் முக்கோணப் புள்ளித்தாள், அதாவது ஐசோமெட்ரிக் தாள் எடுக்க வேண்டும். பக்கம் 1 உள்ள இரண்டு சமபக்க முக்கோணங்களை ஒட்டி வைத்தால் நீண்ட மூலைவிட்டம் √3. அதையே இரட்டித்தால் √12. அங்கே √7கூட வரும். √6 அங்கேயும் வராது, அதை விட்டுவிடுங்கள்.

ஜூலை 9, இரவு 8.50 – சுண்ணக்கட்டி

கிராப் தாள் எல்லார் பையிலும் இருக்கிறது, அது பிரச்சினையில்லை. ஆனால் இது புரிய வைக்கிற செயல்பாடு. நான் கேட்டது பழக்க வைக்கிற செயல்பாடு. நாற்பது கணக்கு போட வேண்டிய இடத்தில் நான்கு கோடு போட்டால் தேர்வுக்குப் போதாதே.

ஜூலை 9, இரவு 9.45 – கெழு

பழக்கத்துக்குச் சீட்டு விளையாட்டு. எண்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

நான்கு குடும்பம், ஒவ்வொன்றிலும் கெழு (சுருக்கிய பின் மூலக்குறிக்கு முன்னால் நிற்கும் எண்) 2 முதல் 7 வரை, ஆக 24 சீட்டு. சீட்டில் எண் முழுக்க மூலக்குறிக்குள் இருக்க வேண்டும்.

√2 குடும்பம்: √8, √18, √32, √50, √72, √98
√3 குடும்பம்: √12, √27, √48, √75, √108, √147
√5 குடும்பம்: √20, √45, √80, √125, √180, √245
√6 குடும்பம்: √24, √54, √96, √150, √216, √294

நான்காவதாக √7 வைத்தால் எளிது. √6 வைத்ததற்குக் காரணம் உண்டு. √24ஐப் பார்த்ததும் ஒருவர் √2 பக்கம் சேர்ப்பார், ஒருவர் √3 பக்கம் சேர்ப்பார். 2√6 வந்த பிறகும் "6ஐ இன்னும் உடைக்கலாமா" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வர வேண்டும்.

ஏ4 தாளை நீளவாக்கில் 8, அகலத்தில் 3 என்று வெட்டினால் ஒரு தாளில் ஒரு கட்டு. 42 பேருக்கு 10 குழு: எட்டுக் குழுவில் நாலு பேர், இரண்டில் ஐந்து பேர். நாலு பேர் என்றால் ஆளுக்கு 5 சீட்டு, ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 4. மிச்சம் 4 சீட்டு நடுவில் கவிழ்ந்திருக்கும்.

முறை வரும்போது நடுவிலிருந்து ஒன்று எடு. கையில் ஒரே குடும்பத்து ஜோடி இருந்தால் கீழே வைத்து, சுருக்கி, கூட்டிச் சொல். √12, √75 வைத்தால் "2√3, 5√3, மொத்தம் 7√3". மதிப்பெண் 7. மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜோடி இல்லையென்றால் ஒரு சீட்டை வலப்பக்கத்து ஆளுக்குத் தள்ளு. நடுக்கட்டு தீர்ந்த பிறகும் இப்படியே ஓடும், எல்லாச் சீட்டும் ஜோடி சேரும் வரை.

விடைத்தாள் தேவையில்லை. ஒரு குடும்பத்துக் கெழுக்களின் கூடுதல் 2+3+4+5+6+7 = 27. நான்கு குடும்பத்துக்கு 108. யார் எதை எதோடு சேர்த்தாலும் குழுவின் மொத்த மதிப்பெண் 108தான் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ தப்பு. நீங்கள் பத்துக் குழுவையும் சுற்ற வேண்டாம், 108 வராத குழுவிடம் மட்டும் போனால் போதும்.

ஜூலை 9, இரவு 10.02 – கெழு

விட்டுப்போனது: முதல் ஆட்டத்திலேயே 24ஐயும் இறக்காதீர்கள். கெழு 2, 3, 5, 7 உள்ள 16 சீட்டு மட்டும். ஆளுக்கு 3, மிச்சம் நடுவில். மொத்தம் 68 வர வேண்டும். 4, 6 கெழு உள்ள எட்டுச் சீட்டு (√32, √72, √48, √108, √80, √180, √96, √216) இரண்டாம் ஆட்டத்தில்.

ஏனென்றால் பாதியில் நிற்கிற வியாதி இந்த எட்டுச் சீட்டில்தான் வரும். √72ஐ 9 × 8 என்று உடைத்து 3√8 என்று நிறுத்துவார்கள். √48 = 2√12 என்று நிறுத்துவார்கள். கெழு பகா எண்ணாக இருந்தால் நடுவில் நிற்க இடமே கிடையாது: √75ஐ உடைத்தால் 5√3, இல்லாவிட்டால் உடைக்கவே இல்லை.

ஜூலை 10, காலை 5.55 – காரணி

கெழு சொல்கிற √98, √147, √245, √294 முதல் ஆட்டத்துக்கு எளிது என்பதை நான் ஏற்கவில்லை. 4ஆல், 9ஆல், 25ஆல் வகுத்துப் பார்ப்பார்கள். 49ஆல் யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. "147 உடையாது" என்று சீட்டைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், அது ஊர் சுற்றி வரும். கரும்பலகையில் 4, 9, 16, 25, 36, 49 எழுதிவைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் அழித்துவிடலாம்.

அல்லது பகாக் காரணிப்படுத்தச் சொல்லுங்கள். 147 = 3 × 7 × 7. ஜோடி சேர்ந்தது வெளியே, தனியாள் உள்ளே. பெரிய வர்க்க எண்ணைத் தேடி மாட்டிக்கொள்கிற பிள்ளைக்கு இதுதான் கைவிடாத வழி. பாதியில் நிற்கும் வியாதியும் வராது.

ஜூலை 10, காலை 6.30 – கெழு

அதற்கு வேறொரு வியாதி உண்டு. 72 = 2 × 2 × 2 × 3 × 3. வெளியே ஒரு 2, ஒரு 3. இரண்டையும் கூட்டி 5√2 என்று எழுதுவார்கள், பெருக்கி 6√2 என்று எழுத மாட்டார்கள். கூட்டல் பாடம் நடக்கிறது அல்லவா, கண்ணில் படுவதையெல்லாம் கூட்டத் தோன்றும்.

இதில் ஒரு குறும்பு பாருங்கள். √32, √48, √80 போட்டு இந்தத் தப்பைச் சோதித்தால் பிடிபடாது. வெளியே வருவது 2, 2. கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. அந்தப் பிள்ளை எல்லாக் கணக்கும் சரியாகப் போட்ட மாதிரி தெரியும். √72, √108, √180, √216 வந்தால்தான் வெளுக்கும். சீட்டாட்டத்தில் இப்படி ஒவ்வொரு தப்புக்கும் மொத்தம் ஒன்று குறையும்: 107, 106. கெழு 6 சீட்டைப் பார் என்று அர்த்தம்.

ஜூலை 10, காலை 7.05 – மூன்றாம்பெஞ்சு

இரண்டு பேர் தப்பாகக் கூட்டி, ஒருவருக்கு ஒன்று கூடி ஒருவருக்கு ஒன்று குறைந்தால் 108 வந்துவிடுமே சார்?

ஜூலை 10, காலை 7.20 – கெழு

வரும். அந்த அளவு ஒற்றுமையான குழு கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

ஜூலை 10, இரவு 9.00 – சுண்ணக்கட்டி

கழித்தலுக்கும் இதே கட்டு போதுமா?

ஜூலை 10, இரவு 9.25 – கெழு

போதும். ஜோடியில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வரும் கெழுதான் மதிப்பெண். மொத்தம் நிலையாக இருக்காது. ஆனால் எல்லாச் சீட்டும் தீர்ந்தால் அது 12க்குக் குறையாது, 36ஐத் தாண்டாது, எப்போதும் இரட்டைப்படை எண்தான். ஒற்றைப்படை வந்தால் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். ஏன் இரட்டைப்படை என்று கெட்டிக்காரப் பிள்ளைகளிடம் கேட்டுவிட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி.

√2 என்று விடை வரும்போது கவனியுங்கள். √98 − √72 = 7√2 − 6√2. இதை √2 என்று எழுதாமல் வெறும் 1 என்று எழுதுவார்கள். 5√7 − √7 = 5 என்று எழுதுவதும் இதன் தம்பிதான்: கெழு எழுதப்படாத இடத்தில் 1 இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்த வாரம் மட்டுமாவது 1√7 என்று எழுத வையுங்கள். அழகு போனால் பரவாயில்லை.

ஜூலை 11, காலை 6.00 – மூலைவிட்டம்

"3 மாம்பழம் + 2 மாம்பழம் = 5 மாம்பழம், மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கூட்ட முடியாது" என்று ஆரம்பிப்பதை நிறுத்தினால் பாதிச் சிக்கல் தீரும் என்று தோன்றுகிறது. 2√3 + 5√3க்கு அது சரி. அங்கே யாரும் தடுக்குவதுமில்லை. √8, √18 பார்வைக்கு இரண்டு வெவ்வேறு பழம். மாம்பழக் கதையை நம்பிய பிள்ளை "கூட்ட முடியாது" என்று நேர்மையாக எழுதிவிடும். கூட்டல் இங்கே கடைசி வரி வேலை. முழு உழைப்பும் உரித்துப் பார்ப்பதில்.

ஜூலை 11, இரவு 8.15 – காரணி

"என்னிடம் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது" சங்கிலி பற்றி யாரும் சொல்லவில்லையே. சீட்டின் மேலே ஒரு விடை, கீழே ஒரு கேள்வி. ஒருவர் கேள்வியைப் படிக்க, விடை வைத்திருப்பவர் எழுந்து தன் கேள்வியைப் படிக்க, கடைசியில் முதல் ஆளிடமே வந்து முடியும்.

42 சீட்டு ஒரே சங்கிலி வேண்டாம். ஒருவர் யோசிக்க 41 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். 8 சீட்டுச் சங்கிலி, இரண்டு பேருக்கு ஒரு கட்டு, மேசையில் வட்டமாக அடுக்கச் சொல்லலாம். சத்தமும் வராது.

ஜூலை 11, இரவு 9.30 – கெழு

இதில் வழக்கமாக ஒரு ஓட்டை இருக்கும். √50 − √8க்கு √42 என்று தப்பாக வந்தால் அப்படி ஒரு சீட்டே இல்லை. உடனே தப்பு என்று தெரிந்து, இருக்கிற சீட்டில் ஒன்றை ஊகித்து ஒட்டிவிடுவார்கள். தப்பான விடைக்கும் ஒரு சீட்டு இருக்க வேண்டும். அதற்கு 3, 4, 5 கைகொடுக்கும். 9 + 16 = 25 அல்லவா, அதை 2ஆல் பெருக்கினால் 18 + 32 = 50. √18 + √32 சரியாகப் போட்டால் 7√2. உள்ளே கூட்டினால் √50, அதைச் சுருக்கினால் 5√2. பார்க்க எவ்வளவு லட்சணமான தப்பு! அதேபோல √50 − √32 சரியாக √2; தப்பாக √18, அதாவது 3√2.

எட்டில் நான்கு கேள்வியையாவது இப்படிச் செய்த ஒரு கட்டு, அப்படியே எழுதிக்கொள்ளலாம்:

என்னிடம் 7√2. யாரிடம் √75 − √48?
என்னிடம் √3. யாரிடம் √8 + √18?
என்னிடம் 5√2. யாரிடம் √27 + √48?
என்னிடம் 7√3. யாரிடம் √50 − √8?
என்னிடம் 3√2. யாரிடம் √12 + √27?
என்னிடம் 5√3. யாரிடம் √50 − √32?
என்னிடம் √2. யாரிடம் √75 − √12?
என்னிடம் 3√3. யாரிடம் √18 + √32?

எட்டும் வட்டத்தில் வந்தால் சரி. முதல் கேள்வியில் 75 − 48 = 27 என்று உள்ளே கழித்தால் 3√3 சீட்டுக்குத் தாவும். அங்கிருந்து சரியாகப் போட்டால் மறுபடி 7√2. இரண்டே சீட்டில் வட்டம் மூடி, ஆறு சீட்டு கையில் மிஞ்சும். மூன்றாவதில் தவறினால் 7√3, 3√2 இரண்டும் வெளியே நிற்கும். மிஞ்சிய சீட்டைப் பார்த்தே எந்தக் கேள்வியில் சறுக்கினார்கள் என்று சொல்லிவிடலாம்.

சொந்தமாகச் செய்கிறவர்கள் முதலில் எட்டு விடையையும் வட்டமாக எழுதிக்கொண்டு அப்புறம் கேள்வி எழுதுங்கள். கேள்வியிலிருந்து ஆரம்பித்தால் ஒரே விடை இரண்டு முறை வந்து சங்கிலி நடுவிலேயே முடிந்துபோகும்.

ஜூலை 11, இரவு 9.50 – மூன்றாம்பெஞ்சு

வகுப்பு விட்டுப் போகும்போது சீட்டு கலந்துவிடும். ஒவ்வொரு கட்டுக்கும் பின்பக்கம் ஒரு எழுத்து போடுங்கள்: க, ங, ச. இல்லாவிட்டால் 168 சீட்டைப் பிரிக்கிறது தனிச் செயல்பாடு.

ஜூலை 12, பிற்பகல் 3.10 – மூலைவிட்டம்

சுற்றளவுச் சீட்டும் நல்லது. செவ்வகம் √12, √27: சுற்றளவு 10√3, பரப்பு 18. ஒரே படத்தில் கூட்டலும் பெருக்கலும் வருவதால் எங்கே மூலக்குறி மறையும், எங்கே மறையாது என்று தெரியும். முக்கோணத்துக்கு √3, √12, √27 கொடுக்கலாம், சுற்றளவு 6√3.

ஜூலை 12, பிற்பகல் 3.40 – புள்ளித்தாள்

அது முக்கோணமே இல்லை! √3 + √12 = 3√3 = √27. இரண்டு பக்கம் சேர்ந்து மூன்றாவதன் மேலேயே படுத்துவிடும். √2, √8, √18 போட்டாலும் இதே கதை. √8, √18, √32 கொடுங்கள்: 2, 3, 4 கெழு, சுற்றளவு 9√2.

இன்னொரு யோசனை. மூலைவிட்டம் சொன்னதையே நான்கு நல்ல முக்கோணத்துக்கு நடுவில் ஒன்றாகச் செருகி, "இதில் ஒன்றை வரைய முடியாது, எது?" என்று கேட்கலாம். கூட்டிப் பார்க்காமல் கண்டுபிடிக்கவே முடியாது.

ஜூலை 12, பிற்பகல் 4.05 – மூலைவிட்டம்

பேஷ். திருத்தியே போட்டுவிடுகிறேன்.

ஜூலை 12, இரவு 8.30 – காரணி

3 + 2√5 = 5√5 என்று எழுதுகிற கூட்டத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இதற்கு ஏ4 தாள். 210 × 297 மி.மீ. நீளத்தை அகலத்தால் வகுத்தால் √2 வரும்படிதான் அந்த அளவே வைத்திருக்கிறார்கள். அகலத்தை 1 என்று எடுத்தால் நீளம் √2, சுற்றளவு 2 + 2√2. "4√2" என்று சொல்கிறவரிடம் அளவுகோலைக் கொடுங்கள். உண்மையான சுற்றளவு 1014 மி.மீ. 4√2 என்றால் நாலு பக்கமும் 297 ஆக வேண்டும், 1188 மி.மீ. வந்துவிடும். தாளில் இரண்டு குட்டைப் பக்கம் கண்ணெதிரே இருக்கும்போது அந்தத் தப்பு நிற்காது.

ஜூலை 13, காலை 6.45 – சுண்ணக்கட்டி

அடைப்புக்குறிக் கழித்தல்? (4√2 + √3) − (√2 − 5√3) போட்டால் 3√2 − 4√3 வருகிறது.

ஜூலை 13, காலை 7.10 – காரணி

முதல் உறுப்புக்கு மட்டும் குறி மாற்றுகிறார்கள். சீட்டின் முன்பக்கம் +√2, பின்பக்கம் −√2. இன்னொன்றில் முன்பக்கம் −5√3, பின்பக்கம் +5√3. இரண்டாவது அடைப்புக்குள் இருக்கிற எல்லாச் சீட்டையும் கவிழ்த்த பிறகுதான் அடைப்பை எடுக்கலாம். கவிழ்த்தால் −√2, +5√3. விடை 3√2 + 6√3. ஐந்தாறு கணக்கு போதும், அதற்கு மேல் சீட்டு சலித்துவிடும்.

ஜூலை 13, இரவு 9.15 – புள்ளித்தாள்

சீக்கிரம் முடித்துவிட்டு வம்பு செய்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. மாயச்சதுரம்:

√12 √147 √108
√243 √75 √3
√48 √27 √192

எந்த வரிசையும், நெடுவரிசையும், மூலைவிட்டமும் 15√3. முதல் வரிசை மூன்றையும் நடுவிலுள்ள √75ஐயும் மட்டும் கொடுத்தால் மற்ற ஐந்தும் ஒரே வழியில்தான் நிரம்பும். விடையை முழுக்க மூலக்குறிக்குள் எழுத வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள், அப்போது 9√3ஐ √243 ஆக்குகிற எதிர்ப்பக்கப் பயிற்சியும் கிடைக்கும். √3ஐ மூடிவிட்டுப் பார்த்தால் வெறும் 1 முதல் 9 வரை உள்ள சதுரம்தானே என்று யாராவது கத்துவார்கள். கத்தட்டும்.

இன்னொன்று: இரண்டு மூலங்களின் கூடுதல் √72 வர வேண்டும், எத்தனை வழி? √2 + √50, √8 + √32, √18 + √18. வேறு கிடையாது. √72க்குப் பதில் √200 கொடுத்தால் ஐந்து வழி.

ஜூலை 14, காலை 6.20 – மூன்றாம்பெஞ்சு

பிங்கோ யாரும் சொல்லவில்லை என்று பார்த்தேன். சொல்ல வேண்டாம். பக்கத்து ஆள் எதை அடித்தார் என்று பார்த்துத்தான் பாதிப் பேர் அடிப்பார்கள். குழு ஓட்டமும் அப்படித்தான்: முதல் ஆள் காரணி, இரண்டாம் ஆள் வெளியே எடுப்பது, மூன்றாம் ஆள் கூட்டல் என்று பிரித்தால் மூன்றாம் ஆள் கடைசி வரை 2 + 3 மட்டும் போட்டுக்கொண்டிருப்பார். கட்டாயம் நடத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு கணக்குக்கும் இடம் மாற்றுங்கள்.

ஜூலை 14, இரவு 8.40 – கெழு

தப்பு பிடிக்கும் தாள், பாடவேளையின் கடைசி எட்டு நிமிடத்துக்கு. எல்லாமே தப்பு என்று தெரிந்தால் படிக்காமலே அடிப்பார்கள். அதனால் சரியானதையும் கலக்க வேண்டும்:

√20 + √45 = √65
√75 − √27 = 2√3
2√3 + 5√3 = 7√6
√6 + √24 = 3√6
√48 + √3 = 2√12 + √3, இதற்கு மேல் சுருக்க முடியாது
√9 + √16 = 7

இரண்டாவது, நான்காவது, ஆறாவது சரி. தப்பானதற்கு விடையைத் திருத்தினால் மட்டும் போதாது, முதல் வரியிலேயே எப்படிச் சந்தேகம் வரும் என்று ஒரு காரணம் எழுத வேண்டும். √20 நாலைத் தாண்டும், √45 ஆறைத் தாண்டும், கூட்டினால் பத்துக்கு மேல். √65 ஒன்பதைக்கூடத் தொடாது. கால்குலேட்டர் இல்லாத வகுப்புக்கு இந்த மதிப்பீடு போதும்.

ஜூலை 15, இரவு 9.05 – சுண்ணக்கட்டி

சரி, மூன்று பாடவேளையாகப் பிரித்துக்கொள்கிறேன்: கிராப் தாள் 15 நிமிடமும் 16 சீட்டு ஆட்டமும் முதல் நாள், 24 சீட்டும் ஏ4 தாளும் மறுநாள், சங்கிலியும் தப்பு பிடிக்கும் தாளும் மூன்றாம் நாள். கனமூலத்துக்கு இதே மாதிரி கட்டு யாரிடமாவது இருக்கிறதா?

ஜூலை 15, இரவு 9.50 – கெழு

எட்டுச் சீட்டு போதும். ∛16, ∛54, ∛128, ∛250 ஒரு குடும்பம்: 2, 3, 4, 5 கெழுவோடு ∛2. ∛24, ∛81, ∛192, ∛375 இன்னொன்று: அதே கெழுவோடு ∛3. மொத்தம் 28 வர வேண்டும். 8, 27, 64, 125 கரும்பலகையில் இருக்கட்டும்.

பழைய கட்டில் √24, √54 இருக்கிறது அல்லவா, அதை இதோடு கலந்துவிடாதீர்கள் என்று சொல்ல வந்தேன். ஆனால் இரண்டாம் ஆட்டத்தில் வேண்டுமென்றே கலக்கலாம். √54 = 3√6, ∛54 = 3∛2. உள்ளே ஒரே எண், குடும்பம் வேறு. √24, ∛24 ஜோடி என்று கீழே வைக்கிற பிள்ளை மூலக்குறியின் தோளில் இருக்கிற சின்ன 3ஐப் பார்க்கவேயில்லை என்று அர்த்தம். அந்த 3ஐச் சிவப்பு மையில் எழுதாதீர்கள், கண்டுபிடிக்கிற வேலையே போய்விடும்.